களச் சூழலுக்குப் பத்துப் பீப்பாய்

அரசாங்கத்துக்கு வாங்கத் தெரியவில்லை என்று மேலிடத்தில் யாரோ ஒருவர் எழுதிவிட்டார். நாற்காலி வாங்கத் தெரியும், பினாயில் வாங்கத் தெரியும், ஒரே சாலைக்கு மூன்று முறை ஜல்லி வாங்கத் தெரியும். புதுசாக ஒன்றைக் கண்டால்தான் கை நடுங்குகிறதாம். அந்த நடுக்கத்தைப் போக்க, புதுமைக் கொள்முதல் திறன் வளர்ப்பு இயக்ககம் என்று ஒன்றைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஆரம்பித்தார்கள். நான்கு வருடத்தில் ஆயிரத்து நானூறு அதிகாரிகளுக்கு அது வாங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. தான் மட்டும் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை.

பயிற்சி காலை பத்து மணிக்குத் தொடங்கும். அதிகாரிகளை வட்டமாக உட்காரவைத்து, ஆலோசகர் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுப்பார். உங்கள் மனதில் உள்ள பயத்தை அதில் எழுதுங்கள் என்பார். எல்லாரும் 'ஆடிட்' என்று எழுதுவார்கள். சீட்டுகளைச் சுவரில் ஒட்டி, பயம் இனி சுவருடையது என்று சொல்லிக் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். சாப்பாடு நன்றாக இருக்கும் என்று எல்லாத் துறையிலும் பேச்சு.

இந்த இயக்ககத்தை நம்பிப் படியேறிய முதல் ஆள் பிராங்கிளின். ஐம்பத்திரண்டு வயது. கல்மண்டபம் பகுதியில் கொட்டகை போட்டு விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர். அவருடைய தங்கை மகிமாவை எண்ணூர் கழிமுகத்துக் குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் புருஷன் லூயிஸ் கழிமுகத்தில் வலை போடுவார். அவள் கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடித்து விற்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழையில் அங்கே எண்ணெய் வந்தது. எந்த ஆலையின் குழாயிலிருந்து வந்தது என்று விசாரணை இன்னும் நடக்கிறது. குப்பத்து ஜனங்கள் இருபது நாள் கையால் அள்ளினார்கள். தோல் உரிந்தது. அதற்கப்புறம் எட்டு மாதம் மகிமாவின் கூடையைப் பார்த்தாலே ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். இன்னொரு தடவை அப்படி வந்தால் குப்பத்தைக் காலி பண்ணிவிட்டுப் போகவேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

பிராங்கிளின் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் தோஸ்து ஜுபைரிடம், ஐஸ் ஃபேக்டரியில் கழித்துப்போட்ட பெல்ட் ஒன்றை வாங்கினார். இரண்டு நீல டிரம்மை மிதக்கவிட்டு, மேலே ஒரு சின்ன டீசல் இன்ஜினை வைத்து, பெல்ட்டைத் தண்ணீருக்குள் போய் வருகிற மாதிரி ஓடவிட்டார். எண்ணெய் பெல்ட்டில் ஒட்டும், தண்ணீர் ஒட்டாது. ஒரு ரப்பர் பட்டை அந்த எண்ணெயை வழித்துப் பீப்பாயில் விடும். மீன்பிடித் துறைமுகத்தில், படகுகளுக்கு நடுவே கறுப்பாகக் கிடக்கும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தார். வேலை செய்தது. அதற்கு நக்கி என்று பெயர் வைத்தார்.

கழிமுகத்துக்கு ஒன்று போதாது, ஆறு வேண்டும். ஆறு செய்ய அவரிடம் வசதி இல்லை. அந்தச் சமயத்தில்தான், கழிமுகத்து எண்ணெய்க் கழிவை அகற்றப் புதுமையான தீர்வுகள் வரவேற்கப்படுகின்றன என்று இயக்ககம் பேப்பரில் விளம்பரம் கொடுத்தது. மகிமா அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்தாள்.

"நம்ம நக்கியத்தான் கேக்குறான் போல கீது. போய்க் காட்டிட்டு வாண்ணா. மய வர்றதுக்குள்ள ஆறும் தண்ணில நிக்கணும்."

இயக்ககத்தில் கண்காணிப்பாளர் தணிகைவேல் உட்கார்ந்திருந்தார். அவர் கெட்டவர் அல்ல. யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார், தண்ணீர் கொடுப்பார், விதியை மட்டும் விடமாட்டார். பிராங்கிளின் கொண்டுபோன போட்டோவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. இதே மெஷினை மூணு வருஷம் அரசுத் துறைக்கு சப்ளை பண்ணதுக்கு சான்றிதழ் வேணும்."

"சார், புச்சா கண்டுபுடிச்சதத்தான கேட்டுகிறீங்க?"

"ஆமா."

"புச்ச எப்டி சார் மூணு வருசமா வித்திருக்க முடியும்?"

"புதுசாத்தான் இருக்கணும். ஆனா மூணு வருஷமா புதுசா இருந்திருக்கணும். இல்லைன்னா ஆடிட்ல கேப்பான்." தணிகைவேல் போட்டோவைக் கோப்பில் குத்தினார். "சரி, அதை நான் ஒரு குறிப்பு எழுதி மேல அனுப்பறேன். இப்போதைக்கு இதே மெஷின் செய்யற இன்னும் ரெண்டு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கிட்டு வாங்க."

"வேற ஆரும் செய்யல சார்."

"அப்ப உங்களுக்குப் போட்டியே இல்லை. போட்டி இல்லாத பொருளை எப்படி வாங்கறது? நீங்களே ரெண்டு பேருக்குக் கத்துக்குடுத்துடுங்களேன்."

பிராங்கிளின் தலை சுற்றிப்போய் ஜுபைரிடம் வந்து சொன்னார். ஜுபைருக்கு ஆச்சரியமே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செய்கிறவன்கூட இரண்டு தோஸ்துகளின் லெட்டர்பேடில் கூடுதலாக விலை போட்டு, மூன்று உறையாகக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். மூன்று உறையிலும் ஒரே கையெழுத்து என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். உறை மூன்றாக இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை.

"இதுக்கா பேஜாராவுற மாமு? ஒண்ணு என் கடை பேர்ல போடு. இன்னொண்ணு என் மச்சான் பிரியாணிக் கட பேர்ல போடு."

பிரியாணிக் கடையின் கொட்டேஷனைத் தொழில்நுட்பக் குழு ஏழு வாரம் ஆராய்ந்தது. எண்ணெய் அகற்றுவதில் தங்கள் நிறுவனத்தின் அனுபவம் என்ன என்று விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டது. பெரிய அண்டாக்களில் மேலே மிதக்கும் எண்ணெயை வழிப்பதில் பதினைந்து வருட அனுபவம் உண்டு என்று ஜுபைரின் மச்சான் உள்ளது உள்ளபடி பதில் எழுதினார். குழு திருப்தியடைந்தது. மூன்று பேரில் அனுபவத்துக்கு முழு மதிப்பெண் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

மழைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு விழா வைத்தார்கள். பிராங்கிளினை மேடையில் ஏற்றி, சால்வை போர்த்தி, 'கண்டுபிடிப்பாளர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். நக்கி என்ற பெயரை இயக்குநர் வாயால் சொல்ல முடியாது என்பதால், மிதவை வகைப் பட்டை இயங்கு எண்ணெய் மீட்பு அமைப்பு என்று கோப்பில் மாற்றியிருந்தார்கள். இயக்குநர் நல்ல குரல் உள்ளவர். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"புதுமையை வாங்குபவர் தோல்விக்கு அஞ்சக் கூடாது. நான் பொறுப்பேற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தோல்விகூட இல்லை. காரணம், அவசரப்பட்டு எதையும் வாங்கவில்லை. கண்டுபிடிப்பாளர்களை நாம் தோளோடு தோள் அணைத்துக்கொள்ள வேண்டும். அப்படி அணைத்தபோது நம் மேல் ஒன்றும் ஒட்டவில்லை என்பதற்குக் கோப்பில் ஆதாரமும் இருக்க வேண்டும்."

அடுத்து ஆலோசகர் பேசினார். அவருக்குக் கழிமுகம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தீர்வை மதிப்பிட முதலில் பிரச்சினை வேண்டும், பிரச்சினை இல்லாத இடத்தில் தீர்வை ஓட்டிப் பார்ப்பது பித்தலாட்டம் என்றார். பலத்த கைதட்டல். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அடுத்த வாரம் புரிந்தது.

அடுத்த வாரம் குழு கழிமுகத்துக்கு வந்தது. அன்றைக்குத் தண்ணீர், அந்தப் பக்கத்துத் தண்ணீர் இருக்கிற லட்சணத்துக்கு, சுத்தமாகவே இருந்தது. மகிமாவும் நாலைந்து பெண்களும் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். ஆலோசகர் முகம் வாடிப்போய்விட்டது.

"எண்ணெயே இல்லையே. களச் சூழல் இல்லாம எப்படி ஆய்வு பண்றது?"

"என் கொட்டாய்ல தொட்டி கீது சார். தண்ணி ரொப்பி எண்ணெ ஊத்தி ஓட்டிக் காமிக்கிறேன்," என்றார் பிராங்கிளின்.

தணிகைவேல் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கழிமுகம்னு போட்டிருக்கு. தொட்டின்னு போடலை."

"அப்ப எண்ணெயை வாங்கிடுவோம்," என்றார் இயக்குநர்.

வாங்கினார்கள். மூன்றே நாள். எண்ணெய் பழைய பொருள், விலைப்பட்டியலில் இருக்கிறது, சப்ளை செய்கிறவர் முப்பது வருடமாகச் செய்கிறார், போட்டிக்கும் குறைவில்லை. ஆலைகளில் கருகிக் கழித்த எண்ணெய் பத்துப் பீப்பாய், வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கழிமுகக் கரையில் வந்து இறங்கியது. இயக்ககம் தன் வரலாற்றில் வாங்கிய முதல் பொருள் அது. லாரிக்கு மாலை போட்டிருந்தார்கள்.

பிராங்கிளினுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இயக்குநரின் காரை மறித்து நின்றார்.

"சார், தண்ணில ஊத்தாதீங்க சார். எங்க தங்கச்சி எறா புடிக்கிற எடம் சார் இது."

"அதனாலதாங்க இது உண்மையான களம்."

"நா மெஷின கொண்டாற மாட்டேன் சார்."

"உங்க இஷ்டம். எண்ணெய் வாங்கியாச்சு, பயன்படுத்தியே ஆகணும். இல்லைன்னா வீண் செலவுன்னு ஆடிட்ல எழுதிடுவான்."

அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? எப்படியும் ஊற்றப்போகிறார்கள். பிராங்கிளின் ஓடிப்போய், ஜுபைரின் டெம்போவில் நக்கியை ஏற்றிக்கொண்டு வந்தார்.

மகிமா பீப்பாய்களுக்கு முன்னால் நின்றாள். அவளை இரண்டு பெண் போலீஸார் மரியாதையாகப் பிடித்துக்கொண்டார்கள். இயக்குநர் ரிப்பன் வெட்டினார். பத்துப் பீப்பாயும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தார் காய்ச்சுகிற நாற்றம் எழுந்தது. தண்ணீர்மேல் கறுப்பு பரவியது, வழவழவென்று, சாக்கடைக்குக்கூட இல்லாத ஒரு மினுமினுப்போடு. கரையில் ஊர்ந்த நண்டுகள் திரும்பி ஓடப் பார்த்து, ஓட முடியாமல் காலை உதறின. ஆலோசகர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, களம் அருமையாக அமைந்துவிட்டது என்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்காவது வாந்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பிராங்கிளின் நக்கியைத் தண்ணீரில் தள்ளி, இன்ஜின் கைப்பிடியைப் பிடித்தார். தணிகைவேல் பதறிக்கொண்டு வந்தார்.

"நில்லுங்க. உள்ள இருக்கற டீசல் யாரோடது?"

"என்னுது சார்."

"அரசு ஆய்வுக்கு உங்க டீசலைப் போட்டா, நீங்க எங்களுக்கு லஞ்சம் குடுத்த மாதிரி ஆகிடும். ஸ்டோர்ஸ்லேர்ந்து டீசல் வரணும். இண்டென்ட் போட்டுட்டேன். ஸ்டோர் கீப்பர் லீவு. திங்கக்கிழமை வந்துடும்."

"திங்கக்கெயம வரிக்கும் எண்ணெ இங்கியே நிக்குமா சார்? தண்ணி ஏறிகினு கீது. இன்னும் கொஞ்ச நேரத்துல அலையாத்தி வேருக்குள்ள பூந்துடும். அப்பால ஒண்ணும் பண்ண முடியாது."

"முன்கூட்டி ஓட்டினா உங்களைத் தகுதி நீக்கம் பண்ணவேண்டி வரும். ஆறு மெஷின் ஆர்டர் சார், பாத்துக்குங்க." அவர் உண்மையிலேயே பிராங்கிளினின் நன்மைக்காகத்தான் சொன்னார். பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். ஜுபைரின் மச்சான் கடையிலிருந்து பிரியாணி வந்திருந்தது.

பிராங்கிளின் கைப்பிடியை விடாமல் தங்கையைப் பார்த்தார். ஆறு மெஷின் வந்தால் குப்பம் பிழைக்கும். அந்த ஆறுக்காகத்தான் இத்தனை மாதமாக அவர் அந்தப் படியை ஏறி இறங்கினார். எண்ணெய் அவர் முழங்காலைச் சுற்றி வந்து ஒட்டியது.

"ஓட்னா ஆர்டர் பூடும்ண்ணா," என்றாள் மகிமா. கறுப்பு வேர்ப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, "ஓட்டு," என்றாள்.

அவர் சுற்றினார். நக்கி இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. இரண்டேகால் மணி நேரத்தில் பத்தில் எட்டுப் பீப்பாய் எண்ணெயை வழித்து எடுத்தது. இரண்டு பீப்பாய் அதற்குள் வேருக்குள் போய்விட்டது. இயக்குநர் பிரியாணித் தட்டோடு கரையில் வந்து நின்று பார்த்தார். அபாரம் என்றார். மனதாரத்தான் சொன்னார். பிறகு தணிகைவேலிடம் என்ன எழுதுவது என்று கேட்டார். இயந்திரம் இயங்கியது, ஆய்வு நடைபெறவில்லை என்று தணிகைவேல் எழுதினார்.

ஒரு வாரத்தில் பதிவுத் தபால் வந்தது. இயந்திரம் ஏற்கனவே பயன்படுத்தப்பட்டுவிட்டதால் அதைப் புதியது என்று கருத இயலாது. முறையான ஆய்வு நடைபெறாததால் அது வேலை செய்யும் என்றும் கருத இயலாது. மேலும், களச் சூழலுக்கென அரசு நீரில் இருப்பு வைக்கப்பட்ட பத்துப் பீப்பாய் எண்ணெயில் எட்டுப் பீப்பாயைத் தாங்கள் அனுமதியின்றி அப்புறப்படுத்தித் தங்கள் வசம் வைத்திருப்பது தெரியவருகிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ் வந்து, திருட்டுக்குப் பயன்பட்ட கருவி என்று நக்கியைத் தூக்கிப் போனது. ஸ்டேஷன் வாசலில் பிடிபட்ட ஆட்டோக்களுக்கு நடுவே அதை வைத்துச் சங்கிலி போட்டார்கள்.

பிராங்கிளின் தணிகைவேலிடம் ஓடினார்.

"சார், அந்த எண்ணெ எனுக்கு இன்னாத்துக்கு சார்? லூயிசு வூட்டாண்ட பீப்பா அப்டியே கீது. எட்த்துக்கினு பூடுங்க."

"நாங்க எடுத்துக்க முடியாதுங்க. ஸ்டோர்ஸ்லேர்ந்து செலவு எழுதியாச்சு, திரும்ப வரவு வைக்க வழி இல்லை. இருப்பு தண்ணியிலதான் காட்டியிருக்கு. எடுத்த இடத்துலயே சேர்த்துட்டீங்கன்னா கேஸ் முடிஞ்சிடும். மறு ஆய்வுக்கும் களம் தயாரா இருக்கும்."

"மறு ஆய்வா? மெஷினு ஸ்டேஷன்ல கீதே சார், எத்த வச்சி ஆய்வு?"

"அது வேற ஃபைல்," என்றார் தணிகைவேல். தண்ணீர் கொடுத்தார்.

பிராங்கிளின் குடிக்கவில்லை. "ஊத்த மாட்டேன். புழல் ஜெயில்ல கொண்டு போய்ப் போட்டாலும் ஊத்த மாட்டேன்னு எழுதிக்கங்க சார்." அதைத் தணிகைவேல் அப்படியே எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஒரு லுங்கியும் துண்டும் பையில் மடித்து வைத்துக்கொண்டு பிராங்கிளின் காத்திருந்தார். மகிமா போனில், தைரியமாகப் போ, வாரத்துக்கு ஒரு தடவை சோறு கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றாள்.

அவரைப் பிடிக்க யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் ஜுபைர் போன் பண்ணி, கழிமுகத்தில் ஜீப்பு நிற்கிறது, போய்ப் பார் என்றார்.

பிராங்கிளின் போனபோது தணிகைவேல் குடைபிடித்துக்கொண்டு பேரேட்டில் குறித்துக்கொண்டிருந்தார். எட்டுப் பீப்பாயில் ஐந்து காலியாகிக் கிடந்தன. மறுபடியும் அதே நாற்றம், அதே கறுப்பு. ஆறாவதை நாலு தினக்கூலி ஆட்கள் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் லூயிஸ்.

வேருக்குள் போன இரண்டு பீப்பாயே போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு நாளாகக் குப்பத்தில் யாரும் வலை போடவில்லை. முதல் நாள் போட்டவன் வலை தாராகித்தான் வந்தது. கழிமுகத்தில் கூலிக்கு ஆள் வேண்டும் என்று இயக்ககம் கேட்டால், வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கிறவன்தான் எழுந்து வருவான்.

"லூயிசு, இன்னாடா பண்ற?"

லூயிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பீப்பாயை மெதுவாக, மெதுவாகச் சாய்த்தார். "நா வரலன்னா வேற ஒருத்தன் ஊத்துவான் மச்சான். அரிசி வாங்கணும்."

பிராங்கிளின் தண்ணீரில் இறங்கிப் பீப்பாயைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். லூயிஸே அவர் கையை விலக்கினார். எண்ணெய்க் கை, பிடி நிற்கவில்லை. மீதி மூன்றும் காலியானதும் தணிகைவேல் எட்டு என்று கூட்டல் போட்டு, பிராங்கிளினைக் கூப்பிட்டு, கேஸ் வாபஸ் ஆகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று கைகொடுத்தார். கூலியை அங்கேயே, அப்போதே கொடுத்தார்கள். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் மகிமா உலை வைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். லூயிஸ் ஒரு பிடி வாயில் வைத்துவிட்டு நிறுத்தினார்.

"சோறு எண்ணெ நாறுது."

"சோறு நாறல. உன் கைதான் நாறுது," என்றாள் மகிமா. ஒரு கரண்டியை எடுத்து அவர் தட்டில் போட்டாள்.

பிராங்கிளின் சாப்பிட்டார், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. முடிந்ததா, இனி ஊற்றமாட்டார்களே என்று கேட்டார்.

லூயிஸ் கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். "நாளைக்கும் வரச் சொல்லிகிறாங்க மச்சான். தண்ணி ஏறி எறங்குனா எண்ணெ கலைஞ்சி பூடுதாம். மறு ஆய்வு வர்ற வரிக்கும் அந்தச் சூழல கெடாம பாத்துக்கணுமாம். டெய்லி ரெண்டு பீப்பா ஊத்தணும். லாரி வந்து எறக்கிட்டுப் பூட்ச்சி."

"மறு ஆய்வு எப்போவாம்?"

"மெஷினு ஸ்டேஷன்லேர்ந்து வந்தப்பறம்."

மகிமா, "நம்ம குப்பத்துல இன்னும் எத்தினி பேர வேலைக்கு எட்த்துப்பாங்கன்னு கேட்டியா?" என்றாள்.

"எல்லாரையும்," என்றார் லூயிஸ்.